பழைய போனுக்கு யார் பூட்டுப் போட்டது?

இன்னிக்கு எபிசோடை ஒரு தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம். 2021 செப்டம்பர் 30, வியாழக்கிழமை. இந்திய நேரப்படி சாயங்காலம் 7 மணி 31 நிமிஷம்.

அந்த நேரத்துக்கு அப்புறம், அதுவரைக்கும் ஒழுங்கா திறந்துகிட்டிருந்த வெப்சைட்டுகள் சில சாதனங்களில் திறக்க மறுத்தன. பழைய ஐபோன்கள், பழைய மேக் கம்ப்யூட்டர்கள், ரொம்ப நாளா யாரும் அப்டேட் பண்ணாத சர்வர்கள். யாரும் ஹேக் பண்ணல, கேபிள் அறுந்துபோகல, கரண்ட்டும் போகல. ஒரு சின்ன ஃபைலுக்குள்ள எழுதியிருந்த காலாவதி தேதி வந்துடுச்சு. அவ்ளோதான்.

அந்த ஃபைலோட பெயர் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3. பிறந்தது 2000 செப்டம்பர் 30. சரியா 21 வருஷம் வாழ்ந்த ஒரு ரூட் சான்றிதழ்.

இது ஏன் நமக்கு முக்கியம்? நம்ம வீடுகளில் போனுக்குன்னு ஒரு வழித்தடம் உண்டு. புதுசு வாங்கினா அது நமக்கு. நம்ம பழசு அம்மாவுக்கு. அம்மாவோட பழசு தாத்தாவுக்கு. அதுக்கும் அப்புறம் ரிப்பேர் கடை வழியா யாரோ முகம் தெரியாத ஒருத்தருக்கு. ஸ்கிரீன் நல்லா இருக்கு, பேட்டரி ஓரளவு நிக்குது, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்னு சொல்லித்தான் கொடுக்கிறோம். அந்தக் கணக்கில் நாம சேர்க்காம விடுற ஒரு விஷயம் இருக்கு. இன்னிக்கு அதைப் பற்றித்தான் பேசப்போறோம்.

பச்சை மை கையெழுத்து

முதலில் அடிப்படை. பிரௌசரில் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு குறி பார்த்திருப்பீங்க. ஹெச்டிடிபிஎஸ் என்று சொல்வோம். அந்தப் பூட்டு ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, நீங்களும் வெப்சைட்டும் பேசிக்கிறதை நடுவில் இருக்கிற யாரும் படிக்க முடியாம மறைக்குது. இன்னொண்ணு, எதிர்ல இருக்கிறது நிஜமாவே அந்த வெப்சைட்தானா என்று உறுதி செய்யுது. இந்த ரெண்டாவது வேலைதான் சான்றிதழோட வேலை. வங்கியோட ரகசியமா பேசுறோம்னு நினைச்சு ஒரு திருடனோட ரகசியமா பேசினா என்ன பிரயோஜனம்?

சரி, ஒரு வெப்சைட் தரும் சான்றிதழை உங்க போன் எதை வைத்து நம்புது? இதைப் புரிஞ்சுக்க கெஜட்டட் ஆபீஸர் கதையே போதும். அப்பா அம்மா காலத்தில் ஜெராக்ஸ் காப்பியில் அட்டெஸ்டேஷன் வாங்க அலைவாங்களே, பச்சை மை கையெழுத்து, ரவுண்ட் சீல். மனுவை வாங்குற கிளார்க்குக்கு உங்களைத் தெரியாது. ஆனா கையெழுத்துப் போட்ட ஆபீஸரைத் தெரியும். அவரை நம்பி உங்க காப்பியை நம்புவார்.

உங்க போனுக்குள்ளேயும் அப்படி ஒரு கிளார்க் உட்கார்ந்திருக்கார். அவர் மேஜையில் ஒரு பட்டியல் இருக்கு. இந்த இந்த ஆபீஸர்களோட கையெழுத்து செல்லும் என்கிற பட்டியல். அந்த ஆபீஸர்கள்தான் ரூட் சான்றிதழ்கள். ஒரு வெப்சைட் தன்னோட சான்றிதழை நீட்டினதும், கிளார்க் அதில் யார் கையெழுத்து இருக்குன்னு பார்க்கிறார். கடைசியில் பட்டியலில் இருக்கிற ஒருத்தரில் போய் முடிஞ்சா பூட்டு. முடியலன்னா எச்சரிக்கை.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பட்டியல் போன் தயாரான அன்னிக்கு எழுதினது. ஆண்ட்ராய்டில் ரொம்ப வருஷமா அந்தப் பட்டியல் சிஸ்டத்தோட ஒரு பகுதியாகவே இருந்தது. போன் கம்பெனி சிஸ்டம் அப்டேட் அனுப்பினால்தான் பட்டியல் மாறும். அப்டேட் நின்னுபோச்சுன்னா பட்டியலும் அந்த நாளோட நின்னுபோச்சு. கிளார்க் வேலைக்கு வர்றார், ஆனா அவருக்கு சர்க்குலர் எதுவும் வர்றதில்லை.

இலவசமா வந்த புது ஆபீஸர்

இப்போ கதைக்குள்ள லெட்ஸ் என்க்ரிப்ட் வருது. 2015க்கு முன்னாடி ஒரு வெப்சைட்டுக்குச் சான்றிதழ் வாங்கணும்னா பெரும்பாலும் காசு கொடுக்கணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும், கையால இன்ஸ்டால் பண்ணணும். சின்ன வலைப்பதிவு, ஒரு தொண்டு நிறுவனம், ஒரு லோக்கல் கடை, இவங்க எல்லாம் எதுக்கு வம்புன்னு பூட்டு இல்லாமலேயே நடத்திட்டுப் போயிடுவாங்க.

இதை மாத்தணும்னு மொசில்லா, எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் இருந்தவங்க சேர்ந்து ஐஎஸ்ஆர்ஜி என்கிற லாப நோக்கமற்ற அமைப்பை உருவாக்கினாங்க. அது நடத்துற சேவைதான் லெட்ஸ் என்க்ரிப்ட். 2014 நவம்பரில் அறிவிச்சாங்க, 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டாங்க. சான்றிதழ் இலவசம். ஆயுள் 90 நாள். புதுப்பிக்கிறதை மென்பொருளே பார்த்துக்கும்.

விளைவு என்ன? 2020 பிப்ரவரியில் அவங்க 100 கோடியாவது சான்றிதழைக் கொடுத்தாங்க. அப்போ அவங்களே வெளியிட்ட கணக்கு: 2017 ஜூனில் உலக அளவில் திறக்கப்பட்ட பக்கங்களில் சுமார் 58 சதவீதம் ஹெச்டிடிபிஎஸ். 2020இல் அது 81 சதவீதம். அந்த நேரத்தில் அங்கே வேலை செஞ்ச ஊழியர்கள் 13 பேர்தான். இணையத்தோட பாதுகாப்பில் இவ்வளவு பெரிய மாற்றம், இவ்வளவு சின்ன குழு.

ஆனா ஒரு சிக்கல். புது ஆபீஸர் கையெழுத்தை எந்தக் கிளார்க்குக்கும் தெரியாது. லெட்ஸ் என்க்ரிப்ட்டோட சொந்த ரூட், ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, 2015 ஜூனில்தான் உருவானது. அதை எல்லா சிஸ்டத்தோட பட்டியலிலும் சேர்க்க வருஷக்கணக்கா ஆகும். நிஜமாவே ஆச்சு. மைக்ரோசாஃப்ட், கூகுள், ஆப்பிள், மொசில்லா, ஆரக்கிள், பிளாக்பெர்ரி என்று முக்கியமான பட்டியல்கள் எல்லாத்திலும் இடம் கிடைச்சதை அவங்க அறிவிச்சது 2018 ஆகஸ்டில்.

அதுவரைக்கும் என்ன பண்றது? ஐடென்ட்ரஸ்ட் என்கிற பழைய நிறுவனம் கைகொடுத்தது. அவங்களோட டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 ஏற்கெனவே கிட்டத்தட்ட எல்லா போனிலும் இருந்தது. அந்தப் பழைய ஆபீஸர், "இந்தப் புதுத் தம்பியை நான் அறிவேன், இவர் கையெழுத்தும் செல்லும்" என்று ஒரு கடிதம் கொடுத்த மாதிரி. தொழில்நுட்பத்தில் இதுக்கு கிராஸ் சைன் என்று பெயர். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் லெட்ஸ் என்க்ரிப்ட் முதல் நாளிலிருந்தே எல்லா இடத்திலும் வேலை செய்தது.

பழைய ஆபீஸர் ரிட்டயர் ஆகும் தேதிதான் 2021 செப்டம்பர் 30.

மூணில் ஒரு போன்

இந்தத் தேதி முன்னாடியே எல்லாருக்கும் தெரியும். ஐந்து வருஷத்தில் ஜனங்க புது போனுக்கு மாறிடுவாங்க என்று ஒரு நம்பிக்கை இருந்தது. நடந்தது வேற.

ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 ஆண்ட்ராய்டில் சேர்ந்தது 7.1.1 பதிப்பில். அது வந்தது 2016 டிசம்பர். 2020 நவம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் வெளியிட்ட தகவல்படி, உலகத்தில் இருந்த ஆண்ட்ராய்டு சாதனங்களில் 33.8 சதவீதம் 7.1க்கு முந்தைய பதிப்பில் ஓடிக்கிட்டிருந்தன. மூணில் ஒண்ணு! நாலு வருஷம் ஆகியும் சர்க்குலர் போய்ச் சேராத கிளார்க்குகள்.

இவ்வளவு தாமதம் ஏன்? கூகுள் புது ஆண்ட்ராய்டை எழுதினா மட்டும் போதாது. சிப் செய்யும் கம்பெனி அதுக்கு ஒத்துழைக்கணும். போன் கம்பெனி அதைத் தன்னோட மாடலுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். சில நாடுகளில் நெட்வொர்க் கம்பெனியும் ஓகே சொல்லணும். ஏற்கெனவே வித்துப்போன மலிவு விலை போனுக்காக இவ்வளவு செலவு பண்றதில் யாருக்கும் பெரிய ஆர்வம் இல்லை. அந்த ஆர்வமின்மையோட மொத்த விலைதான் 33.8 சதவீதம்.

2020 நவம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் கையை விரிச்ச மாதிரிதான் பேசினாங்க. பழைய ஆண்ட்ராய்டில் நம்ம சான்றிதழ் வேலை செய்யாது, முடிஞ்சவங்க ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக்கோங்க என்று சொன்னாங்க. ஃபயர்ஃபாக்ஸ் ஏன்? அது போனோட பட்டியலைப் பார்க்காது, தன்னோட பட்டியலைத் தானே தூக்கிட்டு வரும். பிரௌசர் அப்டேட் ஆனா பட்டியலும் அப்டேட். நல்ல யோசனைதான். ஆனா பிரௌசருக்கு மட்டும்தான் அது உதவும். போனில் இருக்கிற மத்த ஆப்புகள் போனோட கிளார்க்கைத்தான் கேட்கும்.

ரிட்டயர் ஆனவர் கையெழுத்து

அடுத்த மாசமே, அதாவது 2020 டிசம்பரில், ஒரு திருப்பம். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஆண்ட்ராய்டு கிளார்க்கிடம் ஒரு பழக்கம் உண்டு. நீட்டுற காப்பியில் இருக்கும் தேதியைப் பார்ப்பார். கடிதத்தோட தேதியைப் பார்ப்பார். ஆனா தன் பட்டியலில் இருக்கிற ஆபீஸர் ரிட்டயர் ஆகிட்டாரா என்று பார்க்க மாட்டார். "என் பட்டியலில் பேர் இருக்கு, கையெழுத்து ஒத்துப்போகுது, போதும்" என்பார். இது கோளாறு இல்லை, வேணும்னே அப்படி வடிவமைச்சது. ஒரு ரூட்டை நம்புறதா வேண்டாமா என்பதைப் பட்டியல் முடிவு செய்யட்டும், தேதி முடிவு செய்ய வேண்டாம் என்பது அதோட தர்க்கம்.

அப்போ வழி கிடைச்சாச்சு. பழைய ஆபீஸர் ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடியே, தன் ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறமும் செல்லும்படியா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால்? ஐடென்ட்ரஸ்ட் அதுக்குச் சம்மதிச்சது. 2024 செப்டம்பர் 30 வரை செல்லும் ஒரு புது கிராஸ் சைன். பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு மூணு வருஷம் கூடுதல் ஆயுள். ஒரு மென்பொருள் அப்டேட்கூட அனுப்பாமல்!

ஆனா இதுக்கு ஒரு விலை இருந்தது. இந்த ஏற்பாட்டில் லெட்ஸ் என்க்ரிப்ட்டோட வெப்சைட்டுகள் ரெண்டு வழி இருக்கிற ஒரு சங்கிலியை அனுப்பின. ஒரு வழி பழைய ஆபீஸரிடம் போகும், இன்னொரு வழி புது ஆபீஸரிடமே முடியும். புத்திசாலியான மென்பொருள் முதல் வழி சரிப்படலன்னா ரெண்டாவதைப் பார்க்கும். ஆனா ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 மாதிரியான பழைய மென்பொருள், அதோட பட்டியலில் புது ஆபீஸர் பேர் இருந்தாலும், முதல் வழியிலேயே நேரா போய் ரிட்டயர் ஆனவரைப் பார்த்துட்டு "செல்லாது" என்று சீல் குத்திடும். அதனால 2021 செப்டம்பர் 30 அன்னிக்கு நிறைய பழைய சர்வர்கள் ஒண்ணோட ஒண்ணு பேச முடியாம நின்னுபோச்சு. பிரிட்டிஷ் பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்காட் ஹெல்ம் மாதிரி சிலர் இது வரும்னு முன்கூட்டியே எழுதியிருந்தாங்க.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்க. ஆப்பிள் கிளார்க் கறாரானவர், ஆபீஸரோட ரிட்டயர்மென்ட் தேதியையும் பார்ப்பார். புது ரூட் ஐஓஎஸ் 10இல்தான் சேர்ந்தது. 2011இல் வந்த ஐபோன் 4எஸ், ஐஓஎஸ் 9ஓட நின்னுபோச்சு. 2012இல் வந்த ஐபோன் 5க்கு ஐஓஎஸ் 10 கிடைச்சது. ஒரே ஒரு வருஷ வித்தியாசம். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் 4எஸ் வெளியே நின்னுச்சு, 5 உள்ளே போச்சு. அதைவிடப் பல மடங்கு விலை குறைஞ்ச, அப்டேட்டே பார்க்காத ஒரு பழைய ஆண்ட்ராய்டு அன்னிக்கு வழக்கம்போல வேலை செஞ்சது. விலை அதிகம்னா ஆயுள் அதிகம் என்பது எப்பவும் உண்மை இல்லை.

மூணு வருஷம் முடிஞ்சது

கூடுதல் ஆயுளும் ஒருநாள் முடியத்தானே வேணும்? 2023 ஜூலையில் லெட்ஸ் என்க்ரிப்ட் அறிவிச்சாங்க: புது ரூட்டை நம்பும் ஆண்ட்ராய்டு சாதனங்கள் 66 சதவீதத்திலிருந்து 93.9 சதவீதமா உயர்ந்திருக்கு, இனிமே பழைய கடிதத்தைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். 2024 பிப்ரவரியில் இயல்பா அனுப்புறதை நிறுத்தினாங்க, ஜூனில் கேட்டாலும் தர்றதை நிறுத்தினாங்க, செப்டம்பர் 30இல் கடிதமே காலாவதி.

அவங்க தரப்பு நியாயத்தையும் சொல்லிடணும். ஒவ்வொரு முறை நீங்க ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போதும் அந்தக் கூடுதல் கடிதமும் சேர்ந்து பயணம் செய்யுது. அதை நீக்கினா, இணைப்பின் தொடக்கத்தில் அனுப்பும் சான்றிதழ் டேட்டா 40 சதவீதத்துக்கும் மேல குறையும் என்று அவங்க கணக்கு. கோடிக்கணக்கான இணைப்புகளில் அது பெரிய மிச்சம். அதுபோக, பல வருஷமா பாதுகாப்பு அப்டேட் வராத போனில் பூட்டு குறி தெரிஞ்சாலும் அந்த போன் பாதுகாப்பானதுன்னு சொல்ல முடியாது.

இது நியாயமான வாதம். ஆனா மிச்சம் இருக்கிற 6.1 சதவீதத்தையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உலகத்தில் 300 கோடிக்கும் மேல ஆண்ட்ராய்டு சாதனங்கள் இயங்குதுன்னு கூகுள் 2021இல் சொன்னது. அதில் 6 சதவீதம்னா தோராயமா 18 கோடி. திரையில் 6 சதவீதம்னு பார்த்தா சின்னதா தெரியும். தமிழ்நாட்டு மக்கள்தொகையைப் போல ரெண்டு மடங்குன்னு சொன்னாத்தான் அதோட அளவு புரியும். அந்த 18 கோடியில் பலர் வேணும்னே பழைய போன் வெச்சிருக்கவங்க இல்லை. புதுசு வாங்க முடியாதவங்க, அல்லது யாரோ கொடுத்ததை வெச்சிருக்கவங்க.

அவங்க போனில் என்ன நடக்கும்? லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை மட்டும் வெச்சிருக்கிற ஒரு வெப்சைட்டுக்குப் போனா "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை. வங்கி விவகாரம் இல்லை, ஒரு செய்தியையோ சமையல் குறிப்பையோ படிக்கப் போனாலும் அதே சிவப்பு எச்சரிக்கை. பூட்டே இல்லாத பழைய காலத்தில் அந்தப் பக்கம் சும்மா திறந்திருக்கும்! எல்லாரையும் பாதுகாக்க வந்த பூட்டு, கடைசி வரிசையில் இருக்கிறவங்களுக்குப் பூட்டின கதவா மாறிடுது.

"பரவாயில்ல, தள்ளிட்டுப் போங்க"

இப்போ இதில் உண்மையான ஆபத்து எங்கே இருக்குன்னு சொல்றேன். வெப்சைட் திறக்காதது இல்லை ஆபத்து. திறக்க வைக்கிற நம்ம பழக்கம்தான்.

வீட்டில் பெரியவங்க போன் பண்ணி, "ஏதோ சிவப்பா வருதுப்பா" என்பாங்க. நாம வேலை அவசரத்தில் என்ன சொல்வோம்? "அட்வான்ஸ்டுன்னு இருக்கும், அதைத் தொட்டு ப்ரொசீட் கொடுங்க, ஒண்ணும் ஆகாது." அன்னிக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம். ஆனா அவங்க மனசில் ஒரு பாடம் பதிஞ்சுடும்: சிவப்பு வந்தா தள்ளிட்டுப் போகலாம். நாளைக்கு நிஜமான மோசடி எச்சரிக்கை வந்தாலும் அதே கைப்பழக்கம்தான் வரும். பழைய பட்டியலால வர்ற பொய் எச்சரிக்கையும், திருடனால வர்ற நிஜ எச்சரிக்கையும் அந்த ஸ்கிரீனில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. பட்டியல் பழசானா புது நல்லவங்க பேர் அதில் சேராது என்பது பாதிக் கதைதான். கெட்டுப்போனவங்க பேரும் அதிலிருந்து நீங்காது. 2011இல் டிஜிநோட்டார் என்கிற டச்சு சான்றிதழ் நிறுவனத்தை ஹேக் பண்ணி, கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் தயாரிச்சாங்க. ஈரானில் இருந்த பயனாளர்களை உளவு பார்க்க அது பயன்பட்டது. பிரௌசர்கள் உடனே அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து தூக்கினாங்க, ஒரு மாசத்துக்குள்ளேயே அந்த நிறுவனம் திவாலாச்சு. "இவர் கையெழுத்து இனி செல்லாது" என்கிற அந்த சர்க்குலர், அப்டேட் வராத கிளார்க் கைக்கு எப்படிப் போகும்?

சரி, நாம என்ன பண்ணலாம்?

எச்சரிக்கை வந்தா முதலில் பார்க்க வேண்டியது போனோட தேதி. பேட்டரி முழுசா இறங்கி ரொம்ப நாள் கிடந்த போன் பல வருஷம் பின்னாடி போய் நிக்கும். அந்த கிளார்க்குக்கு இன்னிக்கு வாங்கின சான்றிதழ் "இன்னும் பிறக்கவே இல்லை". தேதியைச் சரி பண்ணினா பல நேரம் பிரச்சினை அங்கேயே முடிஞ்சுடும்.

ரெண்டாவது, ஒரு சைட் மட்டும் திறக்கலையா, நிறைய சைட்டா? ஒண்ணு மட்டும்னா, அதையே இன்னொரு போனில் திறந்து பாருங்க. அங்கேயும் எச்சரிக்கைன்னா அந்த சைட்காரங்க சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம். நிறைய சைட்டில் வந்தா கோளாறு உங்க போனிலோ வைஃபையிலோ இருக்கு. ரயில்வே ஸ்டேஷன், கஃபே மாதிரி இடங்களில் லாகின் பண்ணாத வைஃபையும் இப்படிக் காட்டும்.

மூணாவது, இது ரொம்ப முக்கியம். "இந்தச் சான்றிதழை டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணுங்க, சரியாயிடும்" என்று முகம் தெரியாத வீடியோ சொன்னா செய்யாதீங்க. ரூட் சான்றிதழை இன்ஸ்டால் பண்றதுன்னா, கிளார்க்கோட பட்டியலில் உங்க கையாலேயே ஒரு ஆபீஸரைச் சேர்க்குறது. அவர் எந்த வெப்சைட் பெயரிலும் கையெழுத்துப் போடலாம், உங்க வங்கி உட்பட. 2019இல் கஜகஸ்தான் அரசு தன் மக்களை இப்படி ஒரு சான்றிதழை இன்ஸ்டால் பண்ணச் சொன்னது. கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூணும் சேர்ந்து அதைத் தங்கள் பிரௌசர்களில் தடுத்தாங்க.

நாலாவது, பணம், ஓடிபி, ஆதார் சம்பந்தப்பட்ட பக்கத்தில் சிவப்பு வந்தா தள்ளிட்டுப் போகவே கூடாது. வேற போன், இல்லன்னா நேரா போறது. வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு விதி சொல்லிக்கொடுங்க: "சிவப்பு வந்தா எனக்கு போன் பண்ணுங்க." ஆனா அவங்க போன் பண்ணினா நீங்க எடுக்கணும், அதுவும் முக்கியம்.

வெப்சைட் நடத்துறவங்க யாராவது கேட்டுகிட்டிருந்தா உங்களுக்கும் ஒண்ணு. உங்க பயனாளர்கள் எந்த போனில் வர்றாங்கன்னு முதலில் பாருங்க. பழைய போன்கள் நிறையன்னா, இன்னும் பழைய ரூட்டோட சங்கிலி வெச்சிருக்கிற வேற நிறுவனத்திடம் சான்றிதழ் எடுக்கலாம். உங்க ஆபீஸில் இருக்கிற புது போனில் சோதிச்சுட்டு "எல்லாருக்கும் வேலை செய்யுது" என்று முடிவு பண்ணாதீங்க.

இது மறுபடியும் வரும்

இந்தக் கதை 2024ஓட முடிஞ்சதுன்னு நினைக்க வேண்டாம். ரூட் சான்றிதழ்களும் ரொம்ப வயசாகக் கூடாது என்பதுதான் இப்போதைய போக்கு. 15 வருஷத்துக்கு மேல ஒரு ரூட்டை வெச்சுக்க மாட்டோம் என்று குரோம் விதி வெச்சிருக்கு. பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனா ஆபீஸர்கள் சீக்கிரம் மாறுவாங்க, சர்க்குலர்கள் அடிக்கடி வரும். சர்க்குலர் வராத கிளார்க்குகள் இன்னும் வேகமா பின்தங்குவாங்க. போன் மட்டும் இல்லை, வீட்டு ஸ்மார்ட் டிவி, செட்டாப் பாக்ஸ், கேமரா எல்லாத்துக்குள்ளேயும் ஒரு பட்டியல் இருக்கு. டிவிக்குக் கடைசியா எப்போ அப்டேட் வந்ததுன்னு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நல்ல செய்தியும் இருக்கு. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இலிருந்து இந்த ரூட் பட்டியலை மட்டும் தனியா, கூகுள் பிளே வழியா அப்டேட் பண்ண முடியும். போன் கம்பெனிக்காகக் காத்திருக்க வேண்டாம். அதே வருஷம் பிக்சல் 8க்கு கூகுளும், 2024இல் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் ஏழு வருஷ அப்டேட் தருவதா அறிவிச்சாங்க. 2025 ஜூனிலிருந்து ஐரோப்பிய யூனியனில் அப்டேட் காலத்துக்கு ஒரு குறைந்தபட்ச விதியே வந்திருக்கு. ஆனா ஏழு வருஷ வாக்குறுதி விலை உயர்ந்த போனுக்கு. ரொம்பக் கம்மி விலை போனில்தான் அப்டேட் காலமும் ரொம்பக் கம்மி. அதைத்தான் நிறைய பேர் வாங்குறாங்க, அதுதான் நிறைய கைகள் மாறுது.

அதனால போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கேட்கிற மாதிரி, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம்னும் கேளுங்க. அந்த நம்பர்தான் போனோட உண்மையான ஆயுள். நீங்க மூணு வருஷம் வெச்சிருந்து கொடுக்கும்போது, வாங்கிக்கிறவருக்கு எத்தனை வருஷம் மிச்சம் இருக்கு என்பதும் அந்த நம்பரில்தான் இருக்கு.

2021இல் அந்தப் பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு மூணு வருஷம் கிடைச்சதுன்னா, யாரோ சில பேர் உட்கார்ந்து, இவங்களையும் கணக்கில் எடுத்துக்கணும்னு யோசிச்சதால. அது எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தினது இல்லை. அடுத்த முறையும் யாராவது அப்படி யோசிப்பாங்கன்னு உத்தரவாதம் இல்லை. அதுவரைக்கும் நம்ம வீட்டு அளவில் யோசிக்க வேண்டியது நாமதான்.

ஒரு சின்ன ஹோம்வொர்க். இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது, அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யார் போனாவது எடுத்து, செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பு என்ன, கடைசி பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதின்னு பாருங்க. ரெண்டே நிமிஷம். பார்த்த தேதியை எங்களுக்கு அனுப்புங்க, ரொம்பப் பழைய தேதி யார் வீட்டில் இருக்குன்னு பார்ப்போம்.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.